ஜூரிப் பட்டியலுக்கு ஓர் உரை

நெல்லுக்கும் வழக்குக்கும் பேர்போன ஜில்லா தஞ்சாவூர். வாய்க்கால் தண்ணீர், வரப்பு, மிராசுப் பங்கு, கோயில் பரிவட்டம் என்று எதற்கும் கோர்ட்டுப் படி ஏறத் தயங்காத ஊர்கள் இங்கே உண்டு. பழைய ஜில்லா பெரிது, வழக்கும் அதிகம் என்பதால் செஷன்ஸ் கோர்ட்டே இரண்டு இருந்தன: மேற்குத் தஞ்சாவூருக்குத் தஞ்சையில் ஒன்று, கிழக்குத் தஞ்சாவூருக்கு நாகப்பட்டினத்தில் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டப்படி இந்தக் கோர்ட்டுகளில் நீதிபதி தனியாக உட்கார்ந்து குற்றவாளியைத் தீர்மானிக்க முடியாது. ஜில்லாவாசிகள் சிலரைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தாக வேண்டும். ஜூரி என்றால் அவர்கள் முடிவு சொல்வார்கள். அசெசர் என்றால் யோசனை சொல்வார்கள்.

அந்த ஏற்பாட்டை வகுத்தது 1898 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதன் 23 ஆம் அத்தியாயத்தில் உள்ள சில பிரிவுகளை எடுத்து, ஒவ்வொன்றின் கருத்தையும் சுருக்கித் தந்து, கீழே உரை எழுதியிருக்கிறேன். அந்தச் சட்டம் 1974 ஏப்ரல் 1 அன்று காலாவதியானது. அதற்குப் போய் உரை எதற்கு என்று கேட்கலாம். ஊரில் யாரை நியாயம் சொல்லத் தகுந்த மனிதர் என்று சர்க்கார் நினைத்தது என்பதை இவ்வளவு நன்றாகக் காட்டிக்கொடுக்கும் ஆவணம் வேறு கிடையாது. பிரிவுகளை வரிசை மாற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன். சட்டத்தில் ஜூரர் முதலில் பெட்டியில் உட்கார்கிறார், பட்டியல் பின்னால்தான் வருகிறது. நடப்பில் பட்டியல்தானே முதலில்.

பிரிவு 319. இருபத்தொரு வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் எல்லாரும், தாங்கள் குடியிருக்கும் ஜில்லாவில் நடக்கும் விசாரணைகளில் ஜூரராகவோ அசெசராகவோ பணியாற்றக் கடமைப்பட்டவர்கள்.

ஆண்கள் எல்லாரும் என்கிறது பிரிவு. சொத்து வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும் என்ற பேச்சே இங்கு இல்லை. ஐம்பது வேலி மிராசுதாருக்கும் அவர் பண்ணையில் ஏர் ஓட்டும் ஆளுக்கும் இந்த வரியில் இடம் ஒன்றே. சட்டம் எழுதியவர்கள் இவ்வளவு தாராளமானவர்களா என்று வியக்க வேண்டாம். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே இன்னொரு கதவு வைத்திருக்கிறார்கள். அது பிரிவு 321 இல் வரும்.

பெண்கள் அந்த முதல் கதவுக்கே வெளியே. நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் கையில் இருந்த ஜில்லாவில், ஒரு பெண் கிணற்றில் விழுந்து செத்தாளா, தள்ளப்பட்டுச் செத்தாளா என்ற கேள்விக்கு விடை சொல்ல ஆண்கள் மட்டுமே போதும் என்று சட்டம் நினைத்தது.

பிரிவு 320. இக்கடமையிலிருந்து விலக்குப் பெறுவோர்: நீதிபதிகள், போலீஸ்காரர்கள், படையினர், சுங்கத்துறையினர், வரி வசூலில் இருப்பவர்களில் கலெக்டர் விலக்கு அளிப்போர், அவரவர் மதத்தின் சடங்குகளை நடத்தும் குருமார், தொழில் நடத்தும் வைத்தியர்கள், வக்கீல்கள், தபால் தந்தி ஊழியர்கள், இன்னும் சிலர்.

கும்பகோணத்தை எடுத்துக்கொள்வோம். வக்கீலைக் கழி, டாக்டரைக் கழி, குருக்களையும் பட்டாச்சாரியாரையும் கழி, ரெவின்யூ உத்தியோகஸ்தரையும் தபாலாபீஸ்காரரையும் கழி. படித்தவர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள். மிஞ்சுவது பாத்திரக்கடை முதலாளி, வெற்றிலை மண்டிக்காரர், பட்டு வியாபாரி, பள்ளிக்கூட வாத்தியார், பிறகு நிலத்திலிருந்து நெல் வரும் மனிதர். இந்தக் கடைசி ஆளுக்குத்தான் ஓய்வு அதிகம்.

பிரிவு 321. செஷன்ஸ் நீதிபதியும் கலெக்டரும் (அல்லது அரசு நியமிக்கும் வேறு அதிகாரியும்) சேர்ந்து, ஜூரராக இருக்கக் கடமைப்பட்டவர்களில் தங்கள் மதிப்பீட்டில் தகுதியுள்ளவர்களை அகரவரிசையில் பட்டியலிட வேண்டும். பெயர், ஊர், அந்தஸ்து அல்லது தொழில் ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருந்தால் இனத்தையும் குறிக்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி இதுதான். ஜூரி முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் பெட்டியில் உட்கார்ந்த ஒன்பது பேர் எப்படி வாக்களித்தார்கள் என்பதில் கண் வைக்கிறார்கள். அந்த ஒன்பது பேர் எந்தக் காகிதத்திலிருந்து வந்தார்கள் என்று கேட்பவர் குறைவு. தங்கள் மதிப்பீட்டில் தகுதியுள்ளவர்கள் என்ற ஒரே நிபந்தனை, 319 இல் ஆண்கள் எல்லாருக்கும் திறந்த கதவை இழுத்து மூடிவிடுகிறது. தகுதி என்ன என்று பிரிவு சொல்லவில்லை. நீதிபதியும் கலெக்டரும் அறிவார்கள் என்று விட்டுவிட்டது.

கலெக்டர் எப்படி அறிவார்? அவர் ஊர் ஊராகப் போய் விசாரிக்கப் போவதில்லை. நிர்வாகத்தில் அவருக்குக் கீழே தாசில்தார், தாசில்தாருக்குக் கீழே ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அவருக்குக் கீழே ஊரில் கர்ணம் என்ற கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும். ஊரில் யார் பெரிய மனிதர் என்று கேட்டால் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த விடை அவருடைய அடங்கலில் இருக்கிறது. அதிக நிலம் யார் பெயரில், அதிக கிஸ்தி யார் கட்டுகிறார், ஜமாபந்திக்கு வரும் அதிகாரிக்கு யார் வீட்டில் இலை போடுகிறார்கள். இந்தச் சங்கிலி வழியாக வரும் பட்டியலில் சேரி இருக்காது. இருக்கக் கூடாது என்று யாரும் உத்தரவு போட்டதாக நினைக்க வேண்டாம். அப்படி ஓர் உத்தரவுக்குத் தேவையே இல்லை.

காவிரிப் பாசனப் பகுதியில் இதன் பாரம் மற்ற ஜில்லாக்களைவிட அதிகம். ஊர் நிலம் சில குடும்பங்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் குவிந்திருந்தது. உழுதவர்களில் பெரும்பகுதி பண்ணையாள்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக வழங்கப்பட்டதும், 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டி அதை எதிர்த்ததும் இந்த ஜில்லாவின் சரித்திரம். அடித்த மிராசுதாரும் அடிபட்ட பண்ணையாளும் ஒரே ஊர்க்காரர்கள். ஜூரிப் பட்டியலுக்கு வரக்கூடியவர் அதில் ஒருவர்தான்.

இனத்தைக் குறிக்க வேண்டும் என்ற கடைசிச் செய்தியையும் தாண்டிப் போய்விடக் கூடாது. சாதியைக் குறிக்கச் சொல்லவில்லை, ஐரோப்பிய இனத்தை மட்டும் குறிக்கச் சொன்னது. ஐரோப்பியப் பிரஜை குற்றம் சாட்டப்பட்டால் தன் இனத்தார் கலந்த ஜூரியைக் கேட்கும் சலுகை அவருக்கு இருந்தது. தன்னை ஒத்தவர் முன் நிற்கும் உரிமை என்னவென்று சட்டத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் கஞ்சத்தனம்.

பிரிவு 322 முதல் 324 வரை. பட்டியலைக் கலெக்டர் அலுவலகத்திலும் கோர்ட்டுகளிலும் ஒட்ட வேண்டும். ஆட்சேபணை இருப்போர் வந்து சொல்லலாம். ஆண்டுதோறும் பட்டியலைத் திருத்த வேண்டும்.

இதற்கு நீண்ட உரை தேவையில்லை. பெயர் விட்டுப்போனவர் அங்கே வந்து காகிதத்தைப் படித்துப் புகார் சொல்லப் போவதில்லை. பெயர் இருப்பவர் எடுத்துவிடச் சொல்லி மனுக் கொடுப்பார்.

பிரிவுகள் 326, 332. விசாரணைக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயர்களைத் திறந்த கோர்ட்டில் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் பணியாற்றியவர்களைக் கூடிய வரையில் விட்டுவிட வேண்டும். சம்மன் வந்தும் வராதவருக்கு நூறு ரூபாய் வரை அபராதம்.

தை மாதம் சம்பா அறுவடை நேரத்தில் நாகப்பட்டினம் கோர்ட்டுக்கு வா என்று சம்மன் வந்தால் சொந்தக் கையால் பயிரிடும் சிறுகுடியானவன் என்ன செய்வான்? அறுப்பு ஆளும் களமும் அவனுக்காகக் காத்திராது. காரியஸ்தரிடம் களத்தை ஒப்படைத்துவிட்டு வில்வண்டி பூட்டிக்கொண்டு போகக்கூடியவருக்கு இது ஒரு கௌரவம். அந்தக் கால நூறு ரூபாய் என்பது கூலிக்காரனுக்கு நினைத்துப் பார்க்க முடியாத தொகை. ஆக, பட்டியலில் தப்பித்தவறி ஒரு சிறுகுடியானவன் நுழைந்திருந்தாலும், அவனே தன்னை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சத்தான் செய்வான்.

பிரிவு 276. வந்திருப்பவர்களிலிருந்து ஜூரர்களைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆள் போதவில்லை என்றால் கோர்ட்டின் அனுமதியோடு அங்கே இருக்கும் மற்றவர்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

சீட்டு என்றதும் நம்மவர்களுக்கு உத்தரமேரூர் ஞாபகம் வந்துவிடும். காவிரிக்கரை ஊர் அல்ல அது, காஞ்சிபுரம் பக்கத்தது. கல்வெட்டை வெட்டவைத்த சபை மட்டும் தஞ்சையை ஆண்ட முதலாம் பராந்தக சோழன் காலத்தது. 919 இலும் 921 இலும் செய்த ஏற்பாடு அதில் இருக்கிறது. முப்பது குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), ஒவ்வொன்றிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் குடவோலை. அது சபையின் குழுக்களான வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்வு செய்யும் முறை. வழக்கு விசாரிக்கும் ஜூரிக்கு அதை நேரே மூதாதையாக்கிப் பேசும் மேடைப்பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஓர் ஒப்புமை நியாயமானது.

குடத்துக்குள் ஓலை போடும் முன்பே உத்தரமேரூர் சபை வடிகட்டிவிட்டது. 921 ஆம் ஆண்டு விதிப்படி கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதமும் மந்திரபிராமணமும் கற்றிருக்க வேண்டும். அதிகம் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு தள்ளுபடியும் உண்டு. மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் கூடாது, கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது. இந்தக் கடைசி விதிகளைப் பார்த்தால் இன்றைய தேர்தல் கமிஷனே பொறாமைப்படும். ஆனால் சிறுவன் கைவிட்டு எடுக்கும் ஓலைகள் எல்லாமே ஒரே பிரம்மதேயத்து நிலவுடைமைக்காரர்களின் பெயர்கள்.

உத்தரமேரூர்க்காரர்கள் அதைக் கல்லில் வெட்டி எல்லாரும் படிக்கும்படி வைத்தார்கள். இவ்வளவு நிலம், இவ்வளவு வயது என்று கணக்காகச் சொன்னார்கள். 321 ஆம் பிரிவு அதே வடிகட்டலை இரண்டு அதிகாரிகளின் மதிப்பீட்டுக்குள் மறைத்து வைத்தது. நேர்மை என்று பார்த்தால் கல்வெட்டுக்காரர்களுக்குத்தான் என் ஓட்டு.

ஆள் போதாவிட்டால் கோர்ட்டில் நிற்பவர்களைப் பிடித்துப் போடலாம் என்ற அடுத்த வரி வேடிக்கையானது. கோர்ட்டு வாசலில் யார் நிற்பார்கள்? மனு எழுதுகிறவர், வேறு வழக்குக்கு வந்த சாட்சி, தன் கேஸ் எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் வாதி. பண்ணையாள் ஜூரராக ஆக வாய்ப்பிருந்த ஒரே சந்து இதுதான் என்று சில சமயம் தோன்றுகிறது. அதற்கும் கோர்ட்டின் அனுமதி வேண்டும்.

பிரிவுகள் 277, 278. பெயரை உரக்கக் கூப்பிட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அவரை ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணைக்குரிய காரணங்கள்: பாரபட்சம், வயது, தகுதிக் குறைவு, வழக்கத்தாலோ விரதத்தாலோ உலக விவகாரங்களைத் துறந்தவராக இருத்தல், கோர்ட்டிலோ போலீஸிலோ பொறுப்பு வகித்தல், தண்டனை பெற்றிருத்தல், சாட்சியம் சொல்லப்படும் மொழி தெரியாமை, மற்ற பொருத்தமின்மைகள்.

துறந்தவர் ஜூரராகக் கூடாது என்பது நல்ல ஏற்பாடுதான். கோபமும் ஆசையும் தெரியாதவருக்குக் கொலைக்கான காரணம் புரியுமா? ஆனால் மாயவரம் பக்கத்தில் இந்த விதியை எப்படிப் பொருத்துவது என்று யோசித்தால் சிரிப்பு வரும். தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களின் சந்நியாசிகள் உலகைத் துறந்தவர்கள். அதே மடங்கள் ஜில்லாவின் பெருநிலக்காரர்கள். குத்தகை பாக்கி என்றால் கோர்ட்டுக்குப் போகத் துறவு தடையாக இருந்ததில்லை. ஜூரிப் பெட்டிக்குள் மட்டும்தான் காவிக்கு இடமில்லை.

மொழி தெரியாமை என்ற காரணம் சின்னதாகத் தெரியும், கனமானது. 1908 இல் பம்பாயில் திலகர் மேல் ராஜத்துரோக வழக்கு. தம் கேசரி பத்திரிகையில் அவர் எழுதிய மராத்திக் கட்டுரைகள் குற்றமா என்பதே கேள்வி. ஜூரியில் ஏழு ஐரோப்பியர், இரண்டு பார்ஸிகள். மராத்தி எழுத்தை மொழிபெயர்ப்பில் படித்து ஏழு பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். திலகர் ஆறாண்டு மாந்தளைச் சிறைக்குப் போனார். விதி புத்தகத்தில் இருந்தது, ஜூரியும் இருந்தது.

மொழிக் கேள்விக்கு இன்னொரு உதாரணம் இலங்கை. அங்கே இன்றும் ஹைகோர்ட்டில் ஜூரி விசாரணை உண்டு. 1979 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு ஜூரர், அவர்களில் குறைந்தது ஐவர் ஒத்துப்போனால் முடிவு. சிங்களம் பேசுவோர், தமிழ் பேசுவோர், ஆங்கிலம் பேசுவோர் என்று பட்டியல் பிரிந்திருக்கும். எந்தப் பட்டியல் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவர் குற்றம் சாட்டப்பட்டவர். செத்தவரின் குடும்பத்துக்கு அதில் வாய் கிடையாது. யாழ்ப்பாணத்து நாடாளுமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்தாண்டு கழித்து, 2016 டிசம்பரில், சிங்களம் பேசும் ஜூரி குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அதே ஆண்டு ஜூலையில், தமிழர்கள் கொல்லப்பட்ட குமாரபுரம் படுகொலை வழக்கிலும் அநுராதபுரத்தில் ஜூரி ராணுவத்தினர் அறுவரை விடுவித்தது. மொழிப் பட்டியல் என்பது ஜூரருக்குச் சாட்சியம் புரிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் பிறந்தது. இனப்போர் நடந்த நாட்டில் அது இனப் பட்டியலாகவே வேலை செய்கிறது.

பிரிவு 294. வழக்குக்குரிய செய்தி எதையாவது ஜூரர் தாமே அறிந்திருந்தால் நீதிபதியிடம் சொல்ல வேண்டும். பிறகு அவரைச் சாட்சியாகவே விசாரிக்கலாம்.

இங்கிலாந்தில் பழைய காலத்து ஜூரி என்பதே விஷயம் தெரிந்த அக்கம்பக்கத்தார்தான். பிற்பாடு விஷயம் தெரியாதவரே நல்ல ஜூரர் என்று மாற்றிக்கொண்டார்கள். வெண்ணாற்றங்கரை ஊரில் நடந்த வெட்டுக்குத்தைப் பற்றி எதுவும் தெரியாத அக்கம்பக்கத்தார் எங்கே கிடைப்பார்? மடை திறந்ததில் சண்டை என்றால், அந்த வாய்க்காலில் பாயும் அத்தனை பேரும் கட்சிக்காரர்கள். விஷயம் தெரியாதவர் வேண்டுமென்றால் டவுனுக்குத்தான் போக வேண்டும். டவுன்காரருக்கோ மடை என்றால் என்ன, முறைத்தண்ணீர் என்றால் என்ன என்றே விளங்காது. ஜூரிக்கு எதிராக எத்தனையோ வாதங்கள் உண்டு. அவற்றில் இந்த ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

சிவில் வழக்கையும் இங்கேயே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் சிவில் வழக்குக்கும் ஜூரி உண்டு. நமது முன்சீப் கோர்ட்டில் அது கிடையாது. 1816 இல் தாமஸ் மன்றோவின் முயற்சியால் சென்னை ராஜதானியில் சிவில் தகராறுகளைப் பஞ்சாயத்துக்கு விடும் ஒழுங்குச்சட்டங்கள் வந்தன. மிராசுப் பங்காளிகள் பஞ்சாயத்தைவிட முன்சீப்பையும் அப்பீலையும் விரும்பினார்கள். பங்காளி உட்காரும் பஞ்சாயத்தில் தோற்பதைவிட, முகம் தெரியாத நீதிபதியிடம் தோற்பது மானத்துக்கு நல்லது என்று அவர்கள் நினைத்திருந்தால் நான் குறைசொல்ல மாட்டேன்.

பிரிவுகள் 297 முதல் 299, 305. நீதிபதி சாட்சியத்தைத் தொகுத்து, சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். எது நடந்தது என்பதை ஜூரி முடிவு செய்யும். ஹைகோர்ட்டில் ஒன்பது ஜூரரில் அறுவர் ஒத்துப்போய், நீதிபதியும் அதை ஏற்றால் அதுவே தீர்ப்பு.

மாயவரத்தில் பிறந்த சினிமா நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு இந்தப் பிரிவு நேரில் பழக்கம். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தார். பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதர் நடித்த ஹரிதாஸ் அப்போதுதான் தீபாவளிக்கு வந்து ஓடிக்கொண்டிருந்தது. சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி மாக்கெட் முன் ஜூரி விசாரணை. 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஜூரியின் முடிவு பெரும்பான்மை முடிவு, ஒருமித்தது அல்ல. ஏன் குற்றவாளி என்று நம்பினார்கள் என்பதற்கு அவர்கள் காரணம் எழுத வேண்டியதில்லை. எழுதவும் இல்லை. வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. 1947 இல் ஹைகோர்ட் இருவரையும் விடுவித்தது. நீதிபதி தவறினால் தீர்ப்பைப் படித்து எந்த வரியில் தவறினார் என்று காட்டலாம். ஜூரி தவறினால் படித்துப் பார்க்க ஒரு வரிகூட இல்லை. பாகவதருக்குத் திரும்பி வந்தபின் பழைய சினிமா இல்லை.

பிரிவு 307. செஷன்ஸ் நீதிபதிக்கு ஜூரியின் முடிவில் உடன்பாடில்லாமல், நீதியின் பொருட்டு அவசியம் என்றும் தெளிவாகத் தோன்றினால் வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.

கடற்படை அதிகாரி நானாவதி மேல் பம்பாயில் நடந்த கொலை வழக்கு இந்தப் பிரிவால் புகழ்பெற்றது. 1959 இல் எட்டுக்கு ஒன்று என்று ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்றது. நீதிபதி ஏற்காமல் மேலே அனுப்ப, ஹைகோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1961 இல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அந்த ஒரு வழக்கால்தான் இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்று சினிமாக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு வருஷம் முன்பே, 1958 இல், எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷன் ஜூரியை எடுத்துவிடச் சொல்லிவிட்டது. மேலே ஒருவர் எப்போதும் திருத்தலாம் என்று 307 வைத்திருந்த நாட்டில் ஜூரி என்றைக்குமே முழு ஆளாக நடத்தப்படவில்லை.

பிரிவு 309. அசெசர்களோடு விசாரித்தால் ஒவ்வொருவரும் தம் கருத்தை வாயால் சொல்ல வேண்டும். நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர்.

திருவாரூர்க்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். கோயிலுக்கு வெளியே கல் தேர் நிற்கிறது. பெரிய புராணக் கதையில், கன்றைக் கொன்ற மகனுக்கு என்ன செய்வது என்று மனுநீதிச் சோழன் யோசிக்கும்போது அமைச்சர்கள் கருத்துச் சொல்கிறார்கள்: அந்தணர் சொல்லும் பிராயச்சித்தம் போதும் என்று. அரசன் கேட்டுக்கொள்கிறான், ஏற்கவில்லை. 309 ஆம் பிரிவின்படி அச்சரம் பிசகாத நடைமுறை. சென்னை ஹைகோர்ட்டில் அவனுக்குச் சிலையும் வைத்திருக்கிறோம். யாருக்கும் கட்டுப்படாத ஒற்றை நீதிபதி, அவன் மகன் என்றாலும் விடமாட்டான் என்ற நம்பிக்கை நமக்குப் பழகிய நம்பிக்கை. அசெசர் முறை 1955 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் போனபோது இந்த ஜில்லாவில் யாரும் துக்கம் கொண்டாடியதாகச் செய்தி இல்லை.

அப்படி நீதிபதிகள் மட்டும் மிஞ்சிய காலத்தில் கீழ்வெண்மணி நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தொழிலாளர்களின் சேரியில் ஒரு குடிசைக்குள் அடைபட்டு, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் எரிந்து செத்தார்கள். 1970 இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் பத்தாண்டுத் தண்டனை கொடுத்தது. 1973 இல் ஹைகோர்ட் அவர்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதாரர்கள் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது.

ஜூரி இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நாகப்பட்டினத்து ஜூரிப் பட்டியலில் 321 ஆம் பிரிவின்படி யார் யார் இருந்திருப்பார்கள் என்று மேலே பார்த்தோம். பெரிய மனிதன் இதைச் செய்வானா என்ற கேள்வியை ஹைகோர்ட் எழுத்தில் கேட்டது. அதனால்தான் இன்றுவரை அதைத் திட்ட முடிகிறது. அதே கேள்வியை ஒன்பது மிராசுதார்கள் மூடிய அறைக்குள் கேட்டிருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு சொல்: விடுதலை. சேரிக்காரர் நாலு பேர் அந்த ஒன்பதில் இருந்திருந்தால்? அந்தக் கேள்வி எழும் இடம் ஜூரிப் பெட்டி அல்ல, கணக்குப்பிள்ளையின் வீட்டுத் திண்ணை.

23 ஆம் அத்தியாயத்துக்குப் பின்னுரையாக ஒன்று. ஜூரி போய்விட்டது, அதன் ஒரு துணுக்கு இன்னும் நம் வயல்வெளியில் நடமாடுகிறது. சந்தேகச் சாவு என்றால் போலீஸ் பிரேத விசாரணை செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள குடியிருப்பாளர் இருவரோ அதற்கு மேலோ உடனிருக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194 ஆம் பிரிவிலும் இருக்கிறது. நம் பக்கத்தில் அவர்களைப் பஞ்சாயத்தார் என்று சொல்வார்கள். வழக்கமாக ஐவர். மோட்டார் கொட்டகையில் கரண்ட் அடித்துச் செத்தாரா, பூச்சிமருந்து குடித்தாரா, தலையில் இருக்கும் காயம் விழுந்ததா அடித்ததா என்று பிணத்தைப் பார்த்துச் சொல்லி, அறிக்கையில் கையெழுத்துப் போடுவார்கள்.

இவர்களுக்குப் பட்டியல் கிடையாது, சீட்டு கிடையாது, ஆட்சேபிக்க இடமும் கிடையாது. ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் யார் நிற்கிறார்களோ, அவர்களில் இன்ஸ்பெக்டர் கைகாட்டுகிறவர்கள். செத்தவரின் மைத்துனன் இருக்கலாம், கவுன்சிலர் இருக்கலாம், டிராக்டர்காரர் இருக்கலாம். சேரிக்காரரும் இருப்பார், செத்தவர் சேரிக்காரர் என்றால். இப்போது பெண்களும் கையெழுத்திடுகிறார்கள். அறிக்கை சாவின் வெளிப்படையான காரணத்தைக் குறிப்பதற்கு மட்டும்தான், யார் செய்தது என்பதற்கு அது ஆதாரமாகாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஐவரும் கையெழுத்துப் போட்டதும் பிணத்தைப் போஸ்ட்மார்ட்டத்துக்கு எடுத்துப்போவார்கள். அதன் பிறகு அந்த வழக்கில் அவர்களை யாரும் கருத்துக் கேட்பதில்லை.